சிக்னல் 11: சர்வர் விழாததால் கண்ணில் படாத கோளாறுகள்

வலைப்பக்கங்களை அனுப்பித் தரும் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடுகிற சர்வரைக் கவனித்துக்கொள்பவர்கள் எரர் லாகில் இந்த வரியை எப்போதாவது பார்த்திருப்பார்கள்: இன்ன எண் கொண்ட வொர்க்கர் பிராசஸ் சிக்னல் 11-ல் வெளியேறியது. அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரில் அதே செய்தி 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற பெயரோடு வரும். தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் சிஸ்டம் அதைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். ரிக்வஸ்டுகளைக் கவனிக்கிற பிராசஸ்தான் வொர்க்கர். செத்துப்போன வொர்க்கருக்குப் பதிலாக மாஸ்டர் பிராசஸ் உடனே இன்னொன்றைக் கிளப்பிவிடும். தளம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். யாரோ சிலருக்குப் பக்கம் பாதியில் நின்றிருக்கும். ரிஃப்ரெஷ் அடித்ததும் வந்திருக்கும். புகார் எதுவும் வராது. அந்த வரியும் லாக் சுழற்சியில் சில நாளில் அழிந்துபோகும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்த ஒரு வரிதான். வெப் சர்வர்களை விழாமல் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். அதில் மெச்சத்தக்க உழைப்பு இருக்கிறது. ஆனால் விழாமல் தாங்கிப்பிடிக்கிற அதே ஏற்பாடுகள்தான் மெமரி கோளாறுகளை வருடக்கணக்கில் ஒளித்தும் வைக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்கப் புறப்பட்டவர்கள் முதலில் செய்யவேண்டியிருந்தது, அந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக விலக்குவது.

முதலில் கோளாறின் தன்மையைப் பார்த்துவிடலாம். அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ், இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் எல்லாமே சி மொழியில் எழுதப்பட்டவை. சி-யில் மெமரிக்குப் பொறுப்பு எழுதுகிறவருடையது. 100 பைட் கேட்டு வாங்கிவிட்டு 101-ஆவது பைட்டில் எழுதினால் மொழி தடுக்காது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த இடத்தைப் பழைய பாயின்டரை, அதாவது குறித்து வைத்த மெமரி முகவரியை, வைத்து மறுபடி தொட்டாலும் தடுக்காது. பல சமயம் அந்த நொடியில் எதுவுமே நடக்காது. பக்கத்து இடத்தில் இருந்த வேறு யாருடைய தரவோ கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். அதன் சொந்தக்காரர் சாவகாசமாக வந்து அதை எடுக்கும்போதுதான் நிரல் விழும். விழுந்த நொடியின் மெமரிப் படமான கோர் டம்பைத் திறந்தால் அங்கே அடிபட்டவன் கிடப்பான். அடித்தவன் எப்போதோ போயிருப்பான்.

வெப் சர்வரில் இந்தச் சிக்கல் பல மடங்கு ஆகிறது. எஞ்சின்எக்ஸின் ஒரே வொர்க்கர் ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாற்றி மாற்றிக் கவனிக்கிறது. மெமரியைக் கெடுத்த ரிக்வஸ்ட் முடிந்து, அதை அனுப்பியவர் இணைப்பைத் துண்டித்துப் போன பிறகு, சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் ரிக்வஸ்டில் வொர்க்கர் விழும். நான் ஒருமுறை மூன்று நாள் ஜேசன் தரவைப் பிரித்துப் படிக்கும் ஒரு பார்சரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், கிராஷ் எப்போதும் அதற்குள்ளேயே நடந்ததால். கடைசியில் பிழை இருந்தது குக்கியை நகலெடுக்கிற வேறொரு ஃபங்ஷனில். எழுத்துகள் முடிந்ததைக் குறிக்கக் கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு ஒரு பைட் இடம் ஒதுக்காமல் விட்டிருந்தார்கள். குறிப்பிட்ட நீளமுள்ள குக்கி வந்தால் மட்டும் அந்தப் பூஜ்யம் அடுத்த வீட்டில் போய் விழும்.

இனி அந்தத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடுகளுக்கு வருவோம். முதலாவது, செத்த வொர்க்கரை உடனே உயிர்ப்பிப்பது. இது எவ்வளவு ஆபத்தாகும் என்பதை 2014-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எஞ்சின்எக்ஸ் 1.4.0-ல் இருந்த ஓர் ஓட்டை. ரிக்வஸ்டின் உடலைத் துண்டு துண்டாக அனுப்பும்போது ஒவ்வொரு துண்டின் அளவையும் அனுப்புகிறவரே சொல்வார். அதில் மாபெரும் எண்ணைச் சொன்னால், அது மைனஸ் எண்ணாகத் திரும்பிவிடும். தேவையில்லாத உடலைப் படித்துத் தள்ளிவிடுகிற ஃபங்ஷனில் ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிகத் தரவை வைக்கும் மெமரிப் பகுதியில், 4096 பைட் பஃபர் ஒன்று இருந்தது. 'சொன்ன அளவு, 4096, இவற்றில் எது சிறியதோ அவ்வளவு மட்டும் படி' என்பது அங்கே இருந்த காவல். மைனஸ் எண் எப்போதும் சிறியதுதானே. காவல் அதையே தேர்ந்தெடுத்தது. அடுத்த அடியில் அந்த எண் குறியில்லாத வகைக்கு மாறியதும் மறுபடி மாபெரும் எண்ணாகி, 4096 பைட்டுக்குள் அடங்காத தரவு ஸ்டாக் முழுக்கப் பாய்ந்தது.

இதைத் தடுக்கத்தான் ஸ்டாக்கில், கெட்டுப்போனால் நிரலை நிறுத்திவிடும் கேனரி என்ற ரகசிய எண்ணையும், முகவரிகளைக் கலைத்துப் போடுகிற ஏற்பாட்டையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எஞ்சின்எக்ஸ் வொர்க்கர்கள் எல்லாம் மாஸ்டரின் அச்சு நகல்கள். ஒன்று செத்து இன்னொன்று வந்தாலும் கேனரியும் முகவரிகளும் மாறுவதில்லை. கேனரியின் முதல் பைட்டை ஊகித்து அனுப்பலாம். தப்பென்றால் வொர்க்கர் சாகும். சரியென்றால் இணைப்பு உயிரோடு இருக்கும். அதிகபட்சம் 256 முயற்சியில் ஒரு பைட் கைக்கு வந்துவிடும். அப்படியே ஒவ்வொரு பைட்டாக ஊகித்துக்கொண்டே போய், 4,000-க்கும் குறைவான ரிக்வஸ்டுகளில், 20 நிமிடத்துக்குள், சர்வருக்குக் கட்டளையிடும் ஷெல்லைப் பிடித்துவிட்டதாக அவர்கள் எழுதினார்கள். அந்த நேரம் முழுக்க எரர் லாகில் சிக்னல் 11 மழையாகக் கொட்டியிருக்கும். தளம் மட்டும் நின்றிருக்காது.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் ஆழமானது. சர்வர்கள் சின்னச் சின்ன மெமரித் துண்டுகளுக்கு ஒவ்வொரு தடவையும் சிஸ்டத்திடம் போய் நிற்பதில்லை. ஒரு ரிக்வஸ்டுக்கு மொத்தமாக ஒரு தொகுப்பை வாங்கி, அதிலிருந்து தாங்களே பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, ரிக்வஸ்ட் முடிந்ததும் முழுத் தொகுப்பையும் ஒரே வீச்சில் திருப்பிவிடுகின்றன. எஞ்சின்எக்ஸில் இந்தத் தொகுப்பு வழக்கமாக 4 கேபி. வேகம் கிடைக்கும், மெமரியைத் திருப்ப மறப்பதும் இல்லை.

இதைக் கல்யாண மண்டபத்தோடு ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். மண்டபத்தை இரண்டு நாளுக்கு ஒரு குடும்பம் எடுக்கிறது. எந்த அறையில் யார் படுக்கிறார்கள், யார் பெட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் குடும்பத்தின் ஏற்பாடு. மேனேஜருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மண்டபம் இவர்களிடம் இருக்கிறது. ஓர் அறைக்காரர் அடுத்த அறையில் போய்ப் பெட்டியைத் திறந்தால் அவருக்குத் தெரியாது. மெமரி கோளாறைப் பிடிக்கிற கருவிகள் இந்த மேனேஜரின் இடத்தில்தான் நிற்கின்றன. வால்கிரைண்டும் அட்ரஸ்சானிடைசரும் சிஸ்டத்திடம் வாங்கிய இடத்தின் எல்லையைத்தான் காவல் காக்கும். தொகுப்புக்குள்ளேயே நடக்கிற அத்துமீறல் அவற்றின் கண்ணில் படாது. முடித்துக் கொடுத்த தொகுப்பை நிரல் உடனே அடுத்த வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டால், காலி செய்துவிட்டுப் போனவர் கையிலேயே வைத்திருக்கும் பழைய சாவியும் வேலை செய்யும். இந்தமுறை அவர் திறப்பது புதுக் குடும்பத்தின் பெட்டியை.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இது எந்த அளவுக்குப் போயிருந்தது என்பது 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெளிவந்தபோது தெரிந்தது. அது பலருக்கும் தெரிந்த கதை என்பதால் ஓட்டையைப் பற்றி நீட்டவில்லை: எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, 64 கேபி வரை பக்கத்து மெமரியை அள்ளிக் கொடுத்தது. என்னை உலுக்கியது அதன் பிறகு ஓப்பன்பிஎஸ்டி இயங்குதள நிரலாளர் டெட் உனாங்ஸ்ட் கண்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் தானே ஒரு காலி-பஃபர் பட்டியலை வைத்துக்கொண்டு மெமரியைச் சுழற்றியது. அதை நிறுத்துவதற்கு ஒரு விருப்பமும் கோடிலேயே இருந்தது. அவர் நிறுத்திப் பார்த்தார், இணைப்புகள் உடைந்தன. காரணம், ஓரிடத்தில் பஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே மறுபடி கேட்டு, உள்ளே பழைய தரவு அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக வைத்த பஃபரே முதலில் திரும்பி வரும் என்பதால் வழக்கமான ஓட்டத்தில் அந்த நம்பிக்கை பலித்துக்கொண்டும் இருந்தது. அந்தப் பிழை பற்றிய புகார் நாலு வருடமாக ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பிழைப் பட்டியலிலேயே கிடந்திருக்கிறது.

ஆகவே வேட்டைக்குப் போகிறவர் முதலில் தொகுப்பைக் கலைக்க வேண்டும். எஞ்சின்எக்ஸைக் கம்பைல் செய்யும்போது ஒரு டீபக் மேக்ரோவை வைத்தால், ஒவ்வொரு சின்னத் துண்டும் தனித்தனியாகச் சிஸ்டத்திடமே கேட்கப்படும். அப்பாச்சியின் அடித்தளமான ஏபிஆர் நூலகத்திலும் இதற்கென்று ஒரு டீபக் விருப்பம் இருக்கிறது. அதன்மேல் அட்ரஸ்சானிடைசரைப் போட்டால் ஒவ்வொரு அறை வாசலிலும் காவல் வந்துவிடும். நிரலின் மெமரியில் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, எந்த பைட்டைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அது குறித்துக்கொள்ளும். திருப்பிக் கொடுத்த இடத்தை உடனே யாருக்கும் தராமல் கொஞ்ச நேரம் தனியே ஒதுக்கி வைக்கும். 2012-ல் கூகுள் ஆய்வாளர்கள் இதை அறிமுகப்படுத்தியபோது, நிரல் ஓடும் நேரம் சராசரியாக 73 சதவீதம் மட்டுமே கூடுவதாகச் சொன்னார்கள். 'மட்டுமே' என்று நான் சொல்வது வால்கிரைண்டோடு ஒப்பிட்டு. அதில் 20 மடங்கு மெதுவாவது சாதாரணம். அந்த வேகத்தில் உண்மையான டிராஃபிக்கைக் காட்டவே முடியாது. சானிடைசர் போட்ட சர்வர் ஒன்றைத் தனியே நிறுத்தி, எஞ்சின்எக்ஸின் மிரர் வசதியால் உண்மையான ரிக்வஸ்டுகளின் நகலை அதற்கு அனுப்பலாம். வாடிக்கையாளருக்குப் பாதிப்பில்லை, கோளாறு தன் வீட்டு வாசலிலேயே பிடிபடும்.

இவ்வளவுக்கும் பிறகு சில கோளாறுகள் கருவிகளால் பிடிபடவில்லை. வெளியே கசிந்த ஒரு துளியைப் பார்த்து யாரோ நின்றதால் பிடிபட்டன. அவற்றில் இரண்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஹெச்டிடிபியில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு ரிக்வஸ்ட் உண்டு. 'இந்த முகவரியில் என்னென்ன செய்ய அனுமதி?' என்று கேட்பது. சர்வர் அலோ என்ற ஹெட்டரில் கெட், ஹெட், போஸ்ட் என்று அனுமதியுள்ள மெத்தடுகளின், அதாவது ரிக்வஸ்ட் வகைகளின், பட்டியல் தரும். 2017-ல் ஹன்னோ போக் என்ற ஜெர்மன் செய்தியாளர், பாதுகாப்பு ஆய்வாளரும்கூட, தளங்களைத் தரவரிசைப்படுத்திய அலெக்ஸா பட்டியலின் முதல் 10 லட்சம் தளங்களுக்கும் இந்த ரிக்வஸ்டை அனுப்பிப் பார்த்தார். சில பதில்கள் விசித்திரமாக இருந்தன. ஒன்றில் போஸ்ட், ஆப்ஷன்ஸ், பிறகு வெறும் கமா, பிறகு ஹெட், அதற்குப் பின்னால் ':09:44 ஜிஎம்டி'. அனுமதிப் பட்டியலில் ஒரு கடிகார நேரத்தின் வால் எப்படி வந்தது? இன்னொன்றில் ஏதோ ஒரு வலைப்பக்கத்தின் ஹெச்டிஎம்எல் தலைவரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதே தளத்தைத் திரும்பக் கேட்டால் சரியான பதிலும் வரும், வேறு குப்பையும் வரும்.

ஹார்ட்பிளீட் காலத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது மெமரியின் கசிவு என்று மணம் தெரிந்துவிடும். போக் அப்பாச்சி குழுவுக்கு எழுதினார். அவர்களாலும் முதலில் தங்கள் சர்வரில் அதை வரவழைக்க முடியவில்லை. கோடைப் படித்துப் படித்துத்தான் அப்பாச்சி நிரலாளர் ஜேக்கப் சாம்பியன் இடத்தைப் பிடித்தார். அப்பாச்சியில் ஒரு ஃபோல்டருக்கு மட்டுமான விதிகளை எழுத ஹெச்டிஅக்சஸ் என்ற கோப்பு உண்டு. அதில் 'லிமிட்' விதியில் சர்வருக்குத் தெரியாத ஒரு மெத்தடின் பெயரை, எழுத்துப்பிழையாகக்கூட, எழுதிவிட்டால், அப்பாச்சி அதைப் புது மெத்தடாகப் பதிவு செய்துகொள்ளும். பதிவேடு சர்வர் உயிரோடு இருக்கும்வரை இருப்பது. ஆனால் அந்தப் பெயரின் எழுத்துகள் இருந்ததோ அந்த ஒரு ரிக்வஸ்டுக்கான தொகுப்பில். ரிக்வஸ்ட் முடிந்தது, தொகுப்பு போயிற்று. பதிவேட்டில் பழைய விலாசம் மட்டும் நின்றது. அடுத்து யாராவது ஆப்ஷன்ஸ் கேட்டால், சர்வர் அந்த விலாசத்துக்குப் போய் இப்போது அங்கே குடியிருப்பதை வாசித்துச் சொல்லும்.

10 லட்சத்தில் 466 சர்வர்களில்தான் போக் இதைக் கண்டார். எண்ணிக்கை சிறிது. ஆனால் பலர் சேர்ந்து ஒரே சர்வரில் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், ஒருவர் தன் ஃபோல்டரில் அந்த வரியை எழுதினால் பக்கத்துத் தளத்தின் தரவு கசியலாம். ஆப்ஷன்ஸ்பிளீட் என்ற பெயரில் 2017 செப்டம்பரில் அது வெளியானது, 2.4.28 பதிப்பில் திருத்தம் வந்தது. இதில் எனக்கு மறக்கமுடியாதது இன்னொன்று. 2014-லேயே அமெரிக்காவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் ஹெச்டிடிபி மெத்தடுகளை ஆராய்ந்தவர்கள் இதே மாதிரிக் குப்பை ஹெட்டர்களைப் பார்த்துத் தங்கள் கட்டுரையிலும் பதிவு செய்திருந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது வேறு கேள்வி. குப்பை குப்பையாகவே மூன்று வருடம் அச்சில் இருந்தது.

மற்றது கிளவுட்பிளீட். 2017 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை மாலை, கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த டாவிஸ் ஒர்மாண்டி, கிளவுட்ஃப்ளேர் பாதுகாப்புக் குழுவிலிருந்து யாராவது அவசரமாகத் தொடர்புகொள்ள முடியுமா என்று ட்விட்டரில் கேட்டார். வேறு வேலைக்காகச் சேகரித்த வலைப்பக்கங்களில் கிளவுட்ஃப்ளேர் வழியாக வந்த சிலவற்றின் நடுவே அடுத்தவர்களின் குக்கிகளும் அந்தரங்கச் செய்திகளும் இருப்பதைப் பார்த்திருந்தார்.

கிளவுட்ஃப்ளேர் தளங்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே நின்று பக்கங்களைக் கடத்துகிற நிறுவனம். போகிற போக்கில் ஹெச்டிஎம்எல்லைத் திருத்தியும் தரும். மின்னஞ்சல் முகவரிகளை ஸ்பாம் அனுப்புகிறவர்கள் கண்ணிலிருந்து மறைப்பது அப்படிப்பட்ட ஒரு வசதி. அந்தத் திருத்தத்தைச் செய்யும் பார்சர் எஞ்சின்எக்ஸுக்குள் ஒரு மாட்யூலாக ஓடியது. ரேகல் என்ற கருவியில் விதிகளை எழுதினால் அது சி கோடை உருவாக்கித் தரும். உருவாகிய கோடில் பாயின்டர் ஒவ்வோர் எழுத்தாக முன்னேறும். முன்னேறியதும், 'பஃபரின் முடிவுக்குச் சமமா?' என்று கேட்கும். சமமென்றால் நிற்கும்.

பக்கத்தின் கடைசியில் ஸ்கிரிப்ட் டேக் ஒன்று அரைகுறையாக, 'டைப் =' என்பதோடு அறுந்து நின்றால் என்ன ஆகும்? பார்சர் பிழை வழிக்குத் திரும்பும். விதியை எழுதியவர் வெற்றி வழியில் பாயின்டரை ஓரடி பின்னுக்கு இழுக்கும் கட்டளையை எழுதியிருந்தார். பிழை வழியில் அது விட்டுப்போயிருந்தது. முடிவிலேயே நின்றுகொண்டிருந்த பாயின்டர் மறுபடி ஓரடி முன்னே வைத்து முடிவைத் தாண்டியது. இப்போது 'சமமா?' என்று கேட்டால் இல்லை. அடுத்த அடியிலும் இல்லை. மண்டபத்தின் கடைசி அறையைத் தாண்டியதைக் கவனிக்காமல், அடுத்த கட்டடத்து அறைகளையும் எண்ணிக்கொண்டே போவதைப் போல, பாயின்டர் அடுத்தவர்களின் ரிக்வஸ்டுகள் கிடக்கும் மெமரிக்குள் நடந்தது. வாசித்ததெல்லாம் பக்கத்தின் தொடர்ச்சியாக வெளியே போயிற்று. 'சமமா?' என்பதற்குப் பதில் 'சமமா, அல்லது தாண்டிவிட்டதா?' என்று கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

அந்தப் பிழை பல வருடமாக அங்கேயே இருந்தது. பஃபர்கள் கைமாறும் விதம் தற்செயலாக அதை மூடி வைத்திருந்தது. அந்த நிறுவனம் பழையதை மாற்றப் புதிதாக, கவனமாக இன்னொரு பார்சரை எழுதியது. புதியதில் தவறில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடியபோது பஃபர்கள் கைமாறும் விதம் லேசாக மாறியது. பழைய பிழைக்கு உயிர் வந்தது. 2016 செப்டம்பர் 22-லிருந்தே கசிவுக்கு வழி இருந்தது. 2017 பிப்ரவரி 13 முதல் 18 வரை உச்சம்: ஏறத்தாழ 33 லட்சம் ரிக்வஸ்டுகளுக்கு ஒன்று. அவ்வளவு அரிதானதை எந்தக் கண்காணிப்புத் திரையும் காட்டாது. தகவல் கிடைத்த 47 நிமிடத்தில் மின்னஞ்சல் மறைப்பு வசதியை உலகம் முழுக்க நிறுத்தினார்கள். 7 மணி நேரத்துக்குள் முழுத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. தேடுபொறிகளின் சேமிப்பில் 161 டொமைன்களைச் சேர்ந்த 770 முகவரிகளில் கசிந்த தரவு தங்கியிருந்தது. அவற்றைத் துடைத்த பிறகே பிப்ரவரி 23-ல் செய்தி வெளியானது.

அதன் பிறகு அவர்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கள் எஞ்சின்எக்ஸில் நடக்கிற ஒவ்வொரு கிராஷையும், எவ்வளவு அரிதானாலும், காரணம் தெரியும்வரை துரத்துவது என்று உட்கார்ந்தார்கள். கோர் டம்புகளை வகைப்படுத்தினார்கள். பெரும்பாலானவை சாதாரணப் பிழைகள், கண்டுபிடித்துத் திருத்தினார்கள். கடைசியில் ஒரு கைப்பிடி கிராஷ்கள் மட்டும் எஞ்சின. அவற்றின் கோர் டம்பைப் படித்தால், அந்த இடத்தில் நிரல் விழுவதற்கே வழியில்லை. ஒன்றுக்கொன்று ஒட்டாத இடங்களில் விழுந்தன. மெமரி சிதைவின் அடையாளம் போலவே இருந்தது, சிதைத்தவனைத்தான் காணவில்லை.

கோடில் தேடுவதை விட்டு, எந்த எந்திரங்களில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தபோது வழி திறந்தது. எல்லாமே ஒரே வகை சர்வர்கள். இன்டெலின் பிராட்வெல் தலைமுறை பிராசசர் போட்டவை. இன்டெல் வெளியிடும் குறைப் பட்டியலில் பிடிஎஃப்76 என்ற எண்ணில் அதற்கு ஒரு பதிவும் இருந்தது: ஒரே கோரில் இரண்டு வேலைகளை ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங் இயங்கும்போது எதிர்பாராத நடத்தை வரக்கூடும். பிராசசரின் உள்கட்டளைகளைத் திருத்தும் மைக்ரோகோட் அப்டேட்டை அந்த சர்வர்களில் ஏற்றினார்கள். எஞ்சியிருந்த மர்ம கிராஷ்கள் நின்றன. முழு விவரத்தையும் 2018 ஜனவரியில் தங்கள் வலைப்பதிவில் எழுதினார்கள்.